150 பேர், 20 படகு, ஒரு கரை: துடுப்புத் திருவிழாவுக்கு ஒரு திட்டம்

கேட்டிருப்பது இதுதான்: ஏரிக்கரை ஒன்றில், மோட்டார் இல்லாத பொழுதுபோக்குகளுக்கென்று ஒரு நாள் கூடுகை. கயாக் (இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு), கேனோ (ஒற்றை அலகுத் துடுப்பால் ஓட்டும் படகு), நின்றபடி துடுப்புப் போடும் ‘சப்’ பலகை, கூடவே சைக்கிளும் நடையும். 150 பேர் வரக்கூடும், அவர்களில் பாதிக்கு மேல் துடுப்பைக் கையில் பிடித்ததே இல்லை. இரவல் வாங்கினால் 20 படகு தேறும். எங்கிருந்து திட்டமிடுவது, எதில் கோட்டை விடுவோம்?

கரையிலிருந்து தொடங்குங்கள். இந்த மாதிரி விழாக்கள் நடுநீரில் கெடுவதைவிடக் கரையில் கெடுவதுதான் அதிகம். 20 படகு இருக்கிறதா 40 இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். அந்தக் கரை ஒரு மணி நேரத்தில் எத்தனை படகை இறக்கி, எத்தனை படகை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் உங்கள் விழாவின் அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல்முறை ஏறுகிறவரை உட்கார வைத்து, பாதத்தை ஊன்றும் கால்மிதியை நகர்த்திச் சரிசெய்து, துடுப்பைக் கொடுத்துத் தள்ளிவிட, பக்கத்தில் ஆள் நின்றாலும் 2 நிமிடம் பிடிக்கும். ஒரே துறை என்றால் 20 படகுக்கு 40 நிமிடம். கடைசிப் படகு தண்ணீரைத் தொடுவதற்குள் முதல் படகுக்காரர் சுற்றிக் களைத்து, அதே துறைக்குத் திரும்பி வந்து முட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே கரையை நான்கு தடமாகப் பிரியுங்கள்: படகை நீரில் இறக்க இரண்டு, கரையேற்ற இரண்டு. ஒவ்வொன்றும் 4 மீட்டர் அகலம் இருக்கட்டும். இறக்கும் தடங்களுக்கும் ஏற்றும் தடங்களுக்கும் நடுவே குறைந்தது 10 மீட்டர் விடுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தில் ஏற்றும் தடம் வரவேண்டும். கை சளைத்துத் திரும்புகிறவரைக் காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

இப்படிப் பிரித்தால் இறக்க 20 நிமிடம், நீரில் 30 நிமிடம், ஏற்ற 20 நிமிடம், படகில் நின்ற தண்ணீரை வடித்து அடுத்த சுற்றுக்குத் தயார்செய்ய 10 நிமிடம். மொத்தம் 80 நிமிடம். 20 படகில் 8 இரட்டை இருக்கை, 12 ஒற்றை என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 28 பேர். காலை 6:30க்குத் தொடங்கினால் 6:30, 7:50, 9:10, 10:30 என நான்கு சுற்று; 11:50க்கு எல்லாரும் கரையில். ஆக, நீரில் இறங்க வாய்ப்பு 112 பேருக்கு. 150 பேர் வந்தால் 38 பேருக்கு இடமில்லை. இதை அறிவிப்பிலேயே சொல்லி, சுற்றுவாரியாக முன்பதிவு வாங்குங்கள். வந்த பிறகு வரிசையில் நிற்க வைத்துச் சொன்னால், நேரம் பிடிக்கிறது என்று யாரோ ஒருவர் பாதுகாப்பு விளக்கத்தைக் குறைத்துவிடுவார். விபத்துக்கு அதைவிடப் பெரிய வாசல் இல்லை.

காலையில் தொடங்கச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. நிலம் சூடாகச் சூடாகக் காற்று எழும்பும். தெளிந்த நாட்களில் பெரும்பாலான ஏரிகளில் முற்பகல் தாண்டியபின் நீர் அலையடிக்கத் தொடங்கிவிடும். புதியவர்களை முதல் இரண்டு சுற்றிலும், ஓரளவு தெரிந்தவர்களைக் கடைசிச் சுற்றிலும் போடுங்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவது அதுதான். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று இருக்கிறதே, அது நம் முதுகுப் பக்கம் மரமும் மேடும் மறைப்பதால் கரையோரத்தில் தெரியவே தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். 100 மீட்டர் உள்ளே போனதும் மறைப்பு விலகும், படகு தானாக ஓடும். ஓட்டுகிறவர் தனக்குத் துடுப்பு கைவந்துவிட்டது என்று நினைப்பார். திரும்பும்போதுதான் விஷயம் புரியும். புதியவர் ஒருவர் மணிக்கு 3, 4 கிலோமீட்டருக்கு மேல் துடுப்புப் போடமாட்டார்; எதிர்க்காற்றில் அதுவும் பாதியாகும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 10 கிலோமீட்டர் வேகம் 20 ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

அதனால் ஏரியைச் சுற்றி இடம் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால், அந்தப் பருவத்தில் காற்று நீரிலிருந்து கரைக்கு வீசும் பக்கத்தை எடுங்கள். சின்ன அலை அடித்து இறங்குவதற்குச் சற்றுத் தொல்லையாக இருக்கும், இருக்கட்டும். துடுப்பு நழுவியவர், களைத்தவர், கவிழ்ந்தவர் எல்லாரும் தானாகவே உங்கள் கரைக்கு மிதந்து வருவார்கள். வேறு வழியில்லாமல் எதிர்ப்பக்கம்தான் கிடைத்தது என்றால், ஓட்டத்தடத்தைக் கரையோடு கரையாக 50 மீட்டருக்குள் வைத்து, வெளி விளிம்பில் மீட்பாளர்களை நிறுத்துங்கள். எப்படியானாலும் பாதையைக் குறிக்கும் முதல் மிதவை காற்றுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். தெம்பு இருக்கும்போது எதிர்த்துப் போய், தெம்பு குறையும்போது காற்றோடு திரும்பட்டும்.

எப்போது நிறுத்துவது? பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோல் இன்றைக்கும் இதற்குப் போதும், கருவிகூடத் தேவையில்லை. 3ஆம் படி மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர்: ஆங்காங்கே ஒன்றிரண்டு அலை வெள்ளைத் தலை காட்டும். அப்போதே ‘சப்’ பலகைகளைக் கரையேற்றிவிடுங்கள். நிற்கிற உடம்பு பாய்மரம் மாதிரி. 4ஆம் படி 20 முதல் 28: வெள்ளை நுரை அடிக்கடி தெரியும். அதற்கு முன்பே புதியவர் யாரும் நீரில் இருக்கக்கூடாது. நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் நிகழ்ச்சி ஏற்பாட்டாளராக இருக்கக்கூடாது. ஏற்பாட்டாளர் மனசு எப்போதும் ‘இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம்’ என்றுதான் சொல்லும்.

இடிக்கு விவாதமே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி இருந்தால் அது சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு, அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். இடி காதில் விழுந்தாலே எல்லாரும் கரைக்கு. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக்கூடாது. தனி மரத்தடியிலும் துணிப்பந்தலிலும் ஒதுங்கவிடாதீர்கள். கட்டடம், இல்லையென்றால் கதவடைத்த கார் அல்லது பேருந்து.

லைஃப் ஜாக்கெட்டில் எல்லாரும் போடும் தப்புக் கணக்கு ஒன்று உண்டு: 28 பேருக்கு 28 என்பது. ஒரு சுற்று நீரில் இருக்கும்போதே அடுத்த சுற்றுக்கு மாட்டிப் பார்த்து இறுக்க வேண்டும். ஆகவே 56 தேவை. அளவு பொருந்தாததற்கும் உதவியாளர்களுக்கும் சேர்த்து 70 வையுங்கள். நடுத்தர அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும். குழந்தை அளவும் மிகப்பெரிய அளவும் யாராலும் போதுமான அளவு வாங்கப்படுவதில்லை. உள்ளே அச்சிட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 12402 தரவரிசையில் 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கான மிதப்பு உதவி, சுமார் 5 கிலோ தூக்கும் விசை. மயங்கியவரை அது மல்லாத்திப் போடும் என்று நம்பக்கூடாது. நீந்தத் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் கழுத்துப்பட்டை உள்ள 100 நியூட்டன் வகை கொடுங்கள்.

மாட்டியதும் சரிபார்க்கும் முறை எளிது. முதலில் இடுப்புப் பட்டை, அப்புறம் பக்கப் பட்டைகள், கடைசியாகத் தோள் பட்டை, இந்த வரிசையில் இறுக்குங்கள். தோளை முதலில் இழுத்துவிட்டால் ஜாக்கெட் நெஞ்சில் ஏறி நிற்கும், இடுப்பில் பிடிமானம் இருக்காது. பிறகு இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, அல்லது பட்டை தளர்வு. தண்ணீரில் விழுந்ததும் முகத்தை மூடப்போவது அந்த ஜாக்கெட்தான். குழந்தைகளுக்குக் கவட்டுப் பட்டை இல்லாத ஜாக்கெட் கூடாது. இந்த வேலைக்கு மட்டும் மூன்று பேரை ஒதுக்குங்கள். ஒவ்வொரு கொக்கியையும் அவர்கள் கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஆள் கரைக்கு நகர வேண்டும். சம்பளமில்லாத வேலைகளில் அன்றைக்கு முக்கியமானது இதுதான்.

படகைச் சோதிப்பது முந்தின நாள் மாலையில் நடக்க வேண்டும், காலையில் அல்ல. மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் பின்முனையில் ஒரு சிறிய வடிகால் மூடி இருக்கும், விரல் நுனி அளவு. போன முறை கழுவி வடித்தவர் அதைத் திருகி மூட மறந்திருப்பார். படகு நன்றாகத்தான் மிதக்கும். 15 நிமிடம் கழித்துப் பின்பக்கம் கனத்து, லேசாக ஆட ஆரம்பிக்கும். ஓட்டுகிறவர் தனக்குத்தான் சமநிலை வரவில்லை என்று நினைப்பார். மீட்பாளர்கள் இந்த அறிகுறியைப் பழகியிருக்க வேண்டும்: மூக்கு தூக்கி, வால் தாழ்ந்த படகு என்றால் உள்ளே தண்ணீர். உதிரி மூடிகள் ஐந்தாறு கையில் இருக்கட்டும், அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடவே முன்முனைக் கயிறு, கைப்பிடி, இருக்கைக் கொக்கி, கால்மிதி ஆகியவற்றையும் பாருங்கள். ஒவ்வொரு படகிலும் தொலைவிலிருந்து தெரியும்படி பெரிய எண் ஒட்டுங்கள்.

கால்மிதியை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். கயாக்கை உண்டாக்கிய ஆர்க்டிக் பகுதி இன்யூட் வேட்டைக்காரர்கள் அதை ஆளின் உடம்பு அளவுக்கே கட்டினார்கள், சட்டை தைப்பது மாதிரி. பாதத்தின் முன்பகுதி மிதியில் பதிந்து, முழங்கால் லேசாக மடங்கி வெளியே சாய்ந்திருந்தால்தான் துடுப்பின் தள்ளல் படகுக்குப் போய்ச் சேரும். கால் தொங்கிக் கிடந்தால் எல்லாம் தோளில் இறங்கி, 20 நிமிடத்தில் கை செத்துவிடும். துடுப்பை உச்சந்தலையில் வைத்து இரு முழங்கையும் செங்கோணமாக மடங்கும் இடம்தான் பிடிக்க வேண்டிய இடம். பொழுதுபோக்குக் கயாக்கிற்கு 220 முதல் 240 செ.மீ. துடுப்பு பொதுவாகப் பொருந்தும். ‘சப்’ துடுப்பு ஆளின் உயரத்தைவிட ஒரு சாண் அதிகம் இருந்தால் போதும். அதன் அலகின் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். பத்துப் பேரில் பாதிப் பேர் அதைத் திருப்பித்தான் பிடிப்பார்கள்.

காற்றடைக்கும் ‘சப்’ பலகைகள் இருந்தால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும், கைப்பம்பில் ஒன்றுக்கு 8, 10 நிமிடம். 5 பி.எஸ்.ஐ. வரை அளவுமானி முள் அசையாது, அதைப் பார்த்துப் பம்பு பழுது என்று கழற்றிவிடுவார்கள். அழுத்தம் குறைந்த பலகை நடுவில் வளைந்து, ஏறுகிறவரைத் தள்ளிவிடும். நிரப்பியதை வெயிலில் மணலில் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் அழுத்தம் ஏறி ஒட்டு பிரியும். நிழல், இல்லையென்றால் தண்ணீர்.

இனி ஏறுவது. கவிழ்வதில் பெரும்பகுதி நடப்பது கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான். ஒரு காலைப் படகில் வைத்து, மற்றதைத் தரையில் ஊன்றி, படியேறுவது மாதிரி ஏறப் பார்ப்பார்; படகு வழுக்கி விலகும்; இரண்டு காலுக்கும் இடையே ஆள் உட்கார்ந்துவிடுவார். சரியான முறை: படகு முழுதும் மிதக்கும் முழங்கால் ஆழத்தில், படகின் இரு பக்கமும் ஒவ்வொரு கால் ஊன்றி நின்று, முதலில் உட்காருங்கள். இடுப்பு இருக்கையில் இறங்கிய பிறகே ஒவ்வொரு காலாக உள்ளே. உதவியாளர் பக்கவாட்டில் அல்ல, பின்முனைக்கு அருகே நின்று படகை இரு கையாலும் அழுத்திப் பிடிக்கட்டும். சேறு முழங்கால் வரை வாங்கும் கரை, பாசி படிந்த சிமென்ட் சரிவு, நீர்மட்டத்துக்கு 30 செ.மீ.க்கு மேல் உயர்ந்த மேடை, இந்த மூன்றிலிருந்தும் புதியவரை இறக்காதீர்கள். சரிவு மட்டும்தான் இருக்கிறதென்றால் முந்தின நாள் கம்பித் தூரிகையால் தேய்த்து, பழைய தேங்காய்நார் விரிப்பு ஏதாவது போட்டு, நுனிகளில் கனம் வையுங்கள். இறங்கும்போதும் இதே கதைதான்; கரையில் முட்டியதும் எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே இரு காலையும் வெளியே போட்டுவிட்டு எழ வேண்டும்.

கேனோவில் கனமானவர் பின்னால் உட்காரட்டும். திசை பின்னால் இருப்பவர் கையில், தாளம் முன்னால் இருப்பவர் கையில். தண்ணீர் என்றாலே பயப்படுகிறவர்கள், வயதானவர்கள், சிறு பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இரண்டு கேனோக்களைப் பக்கம் பக்கமாக அரை மீட்டர் இடைவெளி விட்டு, குறுக்கே இரண்டு கழி வைத்து, படகின் குறுக்குச் சட்டங்களோடு இறுகக் கட்டுங்கள். கவிழ்ப்பது ஏறக்குறைய இயலாத காரியம். இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கட்டினால் நடுவில் நீர் பொங்கி உள்ளே விழும். ‘கட்டமரான்’ என்று உலகம் இரட்டைப் படகைச் சொல்கிறது, மூலச்சொல் நம் கட்டுமரம். நம்முடையதில் இரண்டு உடல் கிடையாது, மரங்களைச் சேர்த்துக் கட்டியது மட்டும்தான்.

மீட்பு ஏற்பாடு. நீரில் 20 படகு இருந்தால், மீட்கத் தெரிந்த நான்கு பேர் தனித்தனிப் படகில் நீரில் இருக்க வேண்டும். இவர்கள் பயிற்சி கொடுக்கிறவர்கள் அல்ல, படம் எடுக்கிறவர்களும் அல்ல. இருவர் காற்று தள்ளும் பக்கத்து விளிம்பில், ஒருவர் தொலை மிதவையில், ஒருவர் கரைக்கருகே. மோட்டார் இல்லாத விழாவில் மோட்டார் மீட்புப் படகு இருக்கலாமா என்று எல்லாக் குழுவிலும் ஒரு சண்டை வரும். 300 மீட்டருக்குள் அடங்கும் சிறு நீர்நிலைக்குத் துடுப்பு மீட்பாளர்கள் போதும். அதற்கு மேல் என்றால் ஒன்றை நிறுத்தி வையுங்கள், இன்ஜினை அணைத்துத்தான். கொள்கை பிழைத்து ஆள் போனால் என்ன பயன். நீந்துகிறவரை நெருங்கும்போது அதன் சுழலி நின்றிருக்க வேண்டும்.

கவிழ்ந்தவருக்கு ஒரே பாடம்: படகை விடாதே. படகு உங்களைவிடப் பெரிது, மிதக்கும், தொலைவிலிருந்து தெரியும். மேலே உட்காரும் வகையில் திரும்ப ஏறுவது எளிது. படகை நிமிர்த்தி, நடுவில் பக்கவாட்டில் பிடித்து, காலைப் பின்னால் உதைத்து உடம்பைக் கிடையாகக் கொண்டுவந்து, வயிறு குறுக்கே விழும்படி ஏறி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் கால்களை உள்ளே. தொங்கிய காலோடு கைபலத்தில் ஏறப் பார்த்தால் கால் படகுக்கு அடியில் போய், மறுபடி கவிழும்.

உள்ளே உட்காரும் கயாக் என்றால் மீட்பாளர் வேண்டும். அவர் கவிழ்ந்த படகின் முன்முனைக்குச் செங்குத்தாக வந்து நிற்பார். நீரில் இருப்பவர் ஒரு கையால் ஏதாவது ஒரு படகைப் பிடித்தபடி பின்முனைக்குப் போய் அதை அழுத்துவார். மீட்பாளர் முன்முனையைத் தன் படகின் மேல் இழுப்பார், கவிழ்ந்த நிலையிலேயே. தண்ணீர் வடிந்ததும் நிமிர்த்தி, நீரில் தள்ளி, இரண்டு படகையும் எதிரெதிர் முகமாகப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, இருக்கைத் துளையின் விளிம்பை இரு கையாலும் கட்டிப் பிடித்து அதன்மேல் உடம்பைச் சாய்ப்பார். நீந்தியவர் பின்தளத்தில் குப்புற ஏறி, கால்களை உள்ளே விட்டு, மீட்பாளர் பக்கமாகவே புரண்டு உட்கார வேண்டும். பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம். ஒரு எச்சரிக்கை: உள்தடுப்போ காற்றுப்பையோ இல்லாத மலிவு வகைக் கயாக் கவிழ்ந்தால் உள்ளே 100 லிட்டருக்கு மேலேயே ஏறும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, யாராலும் தூக்க முடியாது. ஆளைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டுப் படகை அப்புறம் இழுங்கள். இப்படிப்பட்ட படகு இரவலாகக் கிடைத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. வாங்கித்தான் ஆக வேண்டுமானால் இரு முனைகளிலும் காற்றுப்பை திணித்து, கரையோரத்துக்கு மட்டும் விடுங்கள்.

நீர் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் இதெல்லாம் வேறு கணக்கு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் ஆய்வு செய்த கார்டன் கீஸ்பிரெக்ட் 1, 10, 1 என்று ஒரு நினைவுச் சூத்திரம் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அப்போது முகம் நீருக்குள் போகாமல் பார்ப்பதுதான் வேலை. அடுத்த 10 நிமிடம் கைவிரல் வேலை செய்யும். சுமார் 1 மணி நேரத்துக்குப் பிறகுதான் உடற்சூடு குறைந்து நினைவு தப்பும். எண்கள் உறைபனியை ஒட்டிய நீருக்கானவை. முதல் நிமிடத் திணறல் மட்டும் 15 டிகிரியிலும் வரும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் உடை நீரின் சூட்டைப் பார்த்துத்தான்.

கரையில் இரண்டு எறிகயிற்றுப் பைகள், 15 முதல் 20 மீட்டர், மிதக்கும் கயிறு. ஆளைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும், ஆள்மேலோ முன்னாலோ அல்ல. கயிற்றைச் சுற்றிப் பையில் வைத்தால் அடுத்த முறை முடிச்சுதான் பறக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து நிரப்புங்கள்.

ஆற்றில் நடத்தலாமா என்று யாராவது கேட்பார்கள். பலகையோடு இணைக்கும் கயிற்றைக் கணுக்காலில் கட்டி ‘சப்’ ஓட்டுவது தேங்கிய நீருக்குச் சரி. ஓடும் நீரில் அது கிளையில் சிக்கி ஆளை நீருக்கடியில் நிறுத்திவிடும். இழுத்தால் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையில்தான் கட்ட வேண்டும். பன்னாட்டு ஆற்றுக் கடினப் படிவரிசையில் 1 (மிக எளிது) முதல் 6 வரை உண்டு, பொதுக் கூடுகைக்கு 1ஐத் தாண்டாதீர்கள். ஓட்டம் மணிக்கு 3 கிலோமீட்டரைத் தொட்டாலே புதியவர் எதிர்த்துத் திரும்பமாட்டார், மேலே ஏற்றிக் கீழே இறக்கும் ஒருவழிப் பயணமாக வையுங்கள். கீழ்ப்பக்கம் தடுப்பணை இருக்கும் ஆற்றுப் பகுதியை எடுக்கவே வேண்டாம். மேலிருந்து பார்த்தால் அது ஒரு கோடு மாதிரிதான் தெரியும், ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் விழும் நீர் அடியில் போய், மேலாகத் திரும்பி அணையை நோக்கியே உருளும். விழுந்தவரை அது விடாமல் சுழற்றும், காப்பாற்றப் போனவரையும் சேர்த்து. அணையிலிருந்து எப்போது நீர் திறப்பார்கள் என்பதையும் இயக்குகிறவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சைக்கிளும் நடையும் துணை நிகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். நீரில் இடம் கிடைக்காத 38 பேரையும், சுற்றுக்குக் காத்திருப்பவர்களையும் தாங்கப்போவது அவைதான். ஒவ்வொரு தரைச் சுற்றும் 60 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், அப்போதுதான் 80 நிமிடப் படகுச் சுற்றோடு ஒத்துப்போகும். நடைக்கு 3 கிலோமீட்டர், சைக்கிளுக்கு 8 முதல் 10. திசைகாட்டியும் வரைபடமும் கொடுத்துக் குறிகளைத் தேடும் ஓரியண்டீரிங் இந்த இடைவெளிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி: ஆரஞ்சும் வெள்ளையுமான எட்டுக் கொடிகளைக் கட்டிவிட்டால் ஆள் மேற்பார்வை அதிகம் வேண்டாம். சைக்கிள் பாதை மட்டும் படகு தூக்கும் வழியை வெட்டக்கூடாது. 5 மீட்டர்ப் படகைத் தோளில் சுமப்பவருக்குப் பக்கவாட்டுப் பார்வை இல்லை, அவர் திரும்பினால் முனை கதவு மாதிரி வீசும். வழி பிரிக்க முடியாவிட்டால் அந்த 20 மீட்டர் சைக்கிளை இறங்கித் தள்ளச் சொல்லுங்கள்.

போட்டி வேண்டும் என்று கடைசி நேரத்தில் கேட்பார்கள். எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவது வேண்டாம். முதல் 20 மீட்டரிலேயே நாலு படகு பின்னிக்கொள்ளும். ஒரு ஓட்டத்துக்கு ஆறு, கயாக் தனி, ‘சப்’ தனி. திருப்பம் வைத்தால் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும் என்று ஒரே விதி. கண்ணைக் கட்டி முன்னால் உட்காருபவருக்குப் பின்னால் இருப்பவர் வழி சொல்லும் கேனோ ஓட்டம் வேகப் போட்டியைவிடக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும், காயமும் குறைவு.

மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் வைப்பது கருணைக் கணக்கு அல்ல. 2016 ரியோ பாராலிம்பிக்கிலிருந்து பாராகேனோ பதக்கப் போட்டி. உயர்ந்த முதுகுச் சாய்வும் பக்க மிதவைகளும் உள்ள ஒரு படகு, சக்கர நாற்காலி புதையாதபடி தண்ணீர் வரை பலகைப் பாதை, ஏற்றிவிடத் தெரிந்த இருவர். உடம்பைப் படகோடு எதைக்கொண்டும் கட்டக்கூடாது, இது மட்டும் மாறாத விதி. உணர்ச்சி குறைந்த கால்களுக்கு அடியில் கூரான விளிம்பு இல்லாமல் பஞ்சு வையுங்கள்; சிராய்ப்பு அவருக்கே தெரியாமல் புண்ணாகும்.

நீரையும் பாருங்கள். பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி ஏடு படிந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், ரத்து செய்யுங்கள். பெருமழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் கழிவுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி வெட்டுக்காயம் வழியாக நுழையும். காயம் உள்ளவர்களை நீர்புகாத கட்டு இல்லாமல் இறக்காதீர்கள். அனுமதி, காப்பீடு, கழிப்பறை, முதலுதவி எல்லாம் எந்தக் கூட்டத்துக்கும் உள்ளதுதான். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈர உடை மாற்ற மறைவிடம்.

தொடக்க விளக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். நான்கு விஷயம் போதும்: கவிழ்ந்தால் படகைப் பிடி; ஒரு விசில் என்றால் இங்கே பார், மூன்று விசில் என்றால் ஆபத்து; துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் நில், செங்குத்தாகப் பிடித்தால் வா; மிதவைக்கு அப்பால் போகாதே. பிறகு மீட்பாளர் ஒருவர் எல்லார் கண்முன்னால் வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிக் காட்டட்டும். அந்த 40 விநாடி, சொன்னதையெல்லாம்விட அதிகம் பதியும்.

ஆள் கணக்குக்கு ஒரு பலகை, ஒவ்வொரு படகெண்ணுக்கும் ஒரு ஆணி. நீரில் போகும்போது ஆளின் பெயர் எழுதிய டோக்கன் ஆணியில் ஏறும், கரையேறி ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் இறங்கும். கைப்பேசிச் செயலி வேண்டாம். ஈரக் கையில் வேலை செய்யாது, பத்து அடியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடைசிச் சுற்று முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் முதலில் கழிப்பறை வரிசையையும் சாப்பாட்டு இடத்தையும் பாருங்கள், பெரும்பாலும் ஜாக்கெட்டோடு அங்கே நிற்பார். ஆனால் தேடும் அதே நேரத்தில் மீட்புப் படகும் கிளம்பியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் படகுகளை நீரோரத்திலேயே சோதித்து, தொங்கும் செடி, நத்தை, சிப்பி எதையும் அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே நின்ற நீரை அங்கேயே கொட்டிக் கழுவுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு இன்னொரு ஏரியை மூட ஆரம்பிக்கும். வரிச்சிப்பி (ஜீப்ரா மசல்) என்ற அந்நியச் சிப்பி வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் 1988இல் கண்ணில் பட்டது. அதன்பின் உள்நாட்டு ஏரிகளுக்கு அதைச் சுமந்துபோனதில் படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வேறு நீர்நிலையில் இறக்குவதற்கு முன் ஐந்து நாளாவது முழுக்கக் காயட்டும். ஜாக்கெட்டுகளைக் கொக்கி போட்டு மாட்டி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சாக்கில் அடைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை, அடுத்த முறை யாரும் மாட்டமாட்டார்கள். வடிகால் மூடிகளைக் கழற்றினால்தான் படகு காயும். கழற்றிய மூடியை அந்தந்தப் படகின் கைப்பிடியிலேயே நூலால் கட்டிவிடுங்கள்.